தலைமாட்டில் அரிவாள்



வீடு மந்திரிக்கப் போகிற குருவானவருக்கு மற்ற விருந்தாளிகளுக்கு இல்லாத ஒரு சலுகை உண்டு. அவர் முன்கூடத்தோடு நின்றுவிடுவதில்லை. அடுப்படி, படுக்கையறை, சாமான் போட்டு வைக்கிற மூலை வரைக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். அதனால் வீட்டுக்காரர் காட்ட எண்ணாத பொருள்களும் சில சமயம் அவர் கண்ணில் படுகின்றன.

பல வருஷங்களுக்கு முன், நான் உதவிக் குருவாயிருந்த ஒரு பங்கில், ஓட்டைப் பிரித்துப் புதிதாகத் தளம் போட்ட ஒரு வீட்டை மந்திரிக்கப் போனேன். (எந்த வீடு என்று ஒருவரும் ஆராய வேண்டாம், அது இந்த ஊர் அல்ல. வீட்டுக்காரர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மனைவியின் உத்தரவைப் பெற்றே எழுதுகிறேன்.) கட்டிலுக்குத் தீர்த்தம் தெளிக்கையில், தலைமாட்டில், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே, சாக்குத்துணி சுற்றிய ஒரு சாமானின் மரப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"அரிவாள் சாமி. தேங்காய் வெட்டுறதுக்கு இல்லை" என்றார். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் கதவை உடைத்துத் திருடியிருந்தார்கள். ஒரு கிழவியின் கம்மலைப் பிடுங்கியதில் அவள் காது அறுந்துபோயிருந்தது. "பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற வீடு. நான் வேற என்ன செய்யட்டும்? அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லி மந்திரிச்சிருங்க."

அரிவாளை நான் மந்திரிக்கவில்லை. ஆனால் ஏன் என்று அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவும் இல்லை. ஏதோ சமாதானமாய்ப் பேசி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கவில்லை. இப்போது நம் பக்கத்திலும் சில திருட்டுகள் நடந்திருக்கின்றன. சென்ற வாரம் வின்சென்ட் தே பவுல் சபைக் கூட்டம் முடிந்ததும் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போடலாமென்று இருப்பதாகவும், அது பாவமாகுமா என்றும் கேட்டார். அந்தப் பழைய கடன் நினைவுக்கு வந்தது. ஆகவே இரண்டு பேருக்கும் சேர்த்து இந்தப் பதில்.

முதலில் பாவமா என்ற கேள்வி. தன் உயிரையும் தன்னை நம்பியிருக்கிறவர்களின் உயிரையும் காத்துக்கொள்வது பாவம் அல்ல. இதில் திருச்சபையின் போதனை தெளிவானது. ஆனால் அந்தத் தெளிவுக்கு வர வேதபாரகர்கள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதை நம்மில் பலர் அறியமாட்டார்கள். அர்ச். அகுஸ்தீன் இந்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். போர்ச்சேவகனோ அரசாங்க ஊழியனோ அல்லாத ஒரு தனி மனிதன், தான் சாகாதபடிக்கு இன்னொருவனைக் கொல்லலாம் என்ற கருத்து தமக்குப் பிடிக்கவில்லை என்று புப்ளிக்கோலா என்பவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லுகிறார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இந்த முடிச்சை நிதானமாய் அவிழ்த்தார். ஒரே செயலுக்கு இரண்டு பலன்கள் உண்டாகலாம். ஒன்று என் உயிர் தப்புவது, மற்றது தாக்க வந்தவன் சாவது. முதலாவதை மாத்திரம் நான் நாடி, அதற்கு வேண்டிய அளவுக்கு மேல் பலத்தைப் பிரயோகியாமல் இருந்தால், அந்தச் செயல் குற்றமற்றது. அளவு மீறினால் அதே செயல் நியாயமற்றதாகிவிடும். குருமடத்தில் இதற்கு இலத்தீனில் ஒரு நீண்ட பெயர் சொல்லித் தந்தார்கள். தமிழில் 'குற்றமற்ற தற்காப்பின் அளவு' என்று வைத்துக்கொள்ளலாம். பெயர் எப்படியிருந்தாலும், அதன் உயிர் 'அளவு' என்ற சொல்லில் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 1860-ம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவையே 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாயிருக்கின்றன. உரிமை உண்டு. ஆனால் தற்காப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. அதிகாரிகளின் உதவியைத் தேட அவகாசம் இருந்தால் அந்த உரிமையும் இல்லை. ஓடிப்போகிற திருடனைத் துரத்திப் போய் முதுகில் வெட்டுகிறவர் தற்காப்புச் செய்கிறவர் அல்ல.

நிற்க. பாவமா என்பது ஒரு கேள்வி. காக்குமா என்பது வேறு கேள்வி. நாம் முதல் கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, இரண்டாவதைக் கேளாமலே வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆயுதம் வாங்கினால் காவல் வாங்கிவிட்டோம் என்று எண்ணுகிறோம். அதைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி நகரத்துப் போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூலர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரர் ஒருவர், அதை உருவிச் சுடுவதற்குள், கத்தியோடு ஓடி வருகிறவன் எவ்வளவு தூரத்தைக் கடந்துவிடுவான் என்று அவர் சோதித்துப் பார்த்தார். ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் 21 அடி. இது பயிற்சி பெற்றவர், விழித்திருக்கிறவர், நின்றுகொண்டிருக்கிறவர், எதிரி வருவதைப் பார்க்கிறவர் கணக்கு. நம் வீடுகளில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே 21 அடி இருக்கிறதா? நாமோ தூக்கத்தில் இருப்போம். கண்ணாடியைத் தேட வேண்டும், விளக்கைப் போட வேண்டும், பிறகல்லவா அரிவாள்!

சரி, சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர் பகலில் விழித்துக்கொண்டு நின்றால்? 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் நகரில் ஒரு ஹோட்டல் வாசலில் அமெரிக்க ஜனாதிபதி ரேகனை ஒருவன் சுட்டான். 1.7 விநாடிக்குள் ஆறு குண்டுகள். உலகத்திலேயே நன்றாகப் பயிற்சி பெற்ற காவலர்கள் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களில் ஒருவரும் திருப்பி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அதற்கு நேரமே இல்லை. அப்படியானால் ஜனாதிபதி எப்படிப் பிழைத்தார்? திமோத்தி மெக்கார்த்தி என்ற காவலர் கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்று, ஒரு குண்டைத் தம் வயிற்றில் வாங்கிக்கொண்டார். ஜெர்ரி பார் என்ற மற்றொருவர் ஜனாதிபதியைக் காருக்குள் தள்ளினார். பிறகு அவர் வாயில் இரத்தம் வருவதைக் கண்டு, வெள்ளை மாளிகைக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் காரைத் திருப்பச் சொன்னார். ஓர் உடல், ஒரு கார்க் கதவு, ஒரு சமயோசித புத்தி. காவலரின் துப்பாக்கிகள் சுடவே இல்லை.

நியூயார்க் போலீஸாரைப் பற்றி ராண்ட் ஆராய்ச்சி நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது. 1998 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களில், எதிரியும் சுடுகிற நேரத்தில் போலீஸார் சுட்ட குண்டுகளில் நூற்றுக்குப் பதினெட்டுதான் குறியில் பட்டன என்று அது காட்டுகிறது. மீதி எங்கே போயின என்று யோசித்துப் பாருங்கள். நம் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர்தான் நடுவே.

இதுவரைக்கும் ஆயுதம் தவறுவதைப் பற்றிப் பேசினோம். அது தவறாமல் வேலை செய்தால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

1992 அக்டோபர் 17, அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்தின் பாட்டன் ரூஜ் நகரம். ஜப்பானிலிருந்து படிக்க வந்திருந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன், தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு ஒரு விருந்துக்குப் போனான். வேஷம் போட்டுக்கொண்டு போகும் விருந்து; வெள்ளை உடுப்பு அணிந்திருந்தான். விலாசம் பிசகி, சில வீடுகளுக்கு இப்பால் வேறொரு வீட்டின் மணியை அடித்தார்கள். கதவைத் திறந்த அம்மாள் பயந்து கணவனைத் துப்பாக்கி எடுத்து வரச் சொன்னாள். அவர் வந்து, அசையாதே என்று கத்தினார். ஆங்கிலம் அதிகம் பழகாத பையனுக்கு அந்தச் சொல் விளங்காமல் போயிருக்கலாம். விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே நெருங்கினான். ஒரே குண்டு, மார்பில் பட்டது. அவன் கையில் இருந்தது ஒரு காமிரா.

1993-ல் ஜூரிகள் அந்த வீட்டுக்காரரைக் குற்றவாளி அல்ல என்று விடுவித்தார்கள். 1994-ல் சிவில் வழக்கில், பையனின் பெற்றோருக்கு 6,50,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி வேறொரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புகளை நான் ஆராயப் போவதில்லை. என் மனதை வாட்டுவது வேறு. அந்த மனிதர் கொலைகாரர் அல்ல. அவருடைய பயம் மெய்யான பயம். வீட்டாரைக் காக்கத்தான் நினைத்தார். துப்பாக்கி பழுதாகவில்லை, குறி தப்பவில்லை. ஆயுதத்திடம் எதிர்பார்த்தது எல்லாம் சரியாக நடந்தது. வந்தவன் யார் என்று ஆயுதத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது மனிதன். பயமோ அதற்கு வேண்டிய இரண்டு விநாடியை மனிதனுக்குத் தருவதில்லை.

தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். முன்பு நானிருந்த ஒரு பங்கில், ஒரு மழைக்கால இரவு இரண்டு மணி சுமாருக்கு அறைவீட்டுத் திண்ணையில் யாரோ நடமாடும் சத்தம் கேட்டது. கேட்டைப் பூட்டியிருந்தேன், ஆகவே சுவர் ஏறிக் குதித்துத்தான் வந்திருக்க வேண்டும். கதவோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஓங்கியும்விட்டேன். கதவு திறந்ததும், "சாமி, தாத்தாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு, அவஸ்தைபூசுதல் குடுக்க வாங்க" என்று ஒரு பையன் நடுங்கிக்கொண்டு நின்றான். நம் பூசைக்கு உதவி செய்கிற பையன்! அன்றிரவு தாத்தாவுக்கு அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுத் திரும்பியபின் விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. கடப்பாரை கனமானது, அதை இறக்குவதற்கு முன் ஒரு நொடி கிடைத்தது. விரலசைவில் வேலை முடிக்கிற சாமான் என் கையில் இருந்திருந்தால் அந்த நொடி கிடைத்திருக்குமா? அர்ச். தோமாஸ் சொன்ன 'அளவு' அந்த நொடிக்குள்தான் இருக்கிறது. அதைப் பறித்துக்கொள்ளுகிற ஆயுதம், நம் தற்காப்பைக் குற்றமற்றதாக வைத்திருக்கும் காரியத்தையும் சேர்த்துப் பறித்துக்கொள்ளுகிறது.

இன்னொன்றும் உண்டு. திருடன் வருஷத்தில் ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். ஆயுதமோ முந்நூற்றறுபத்தைந்து நாளும் வீட்டிலேயே இருக்கிறது, வீட்டாரோடு வாழ்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை ஆறு வருஷத்துச் சாவுகளைக் கணக்கெடுத்து, 1986-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். வீட்டில் வைத்திருந்த துப்பாக்கியால் அந்த வீட்டிலேயே இறந்தவர்கள் 398 பேர். அவர்களில் உள்ளே நுழைய முயன்று சுடப்பட்டவர்கள் இரண்டே பேர். தற்காப்பில் சுடப்பட்டவர்கள் ஏழு பேர். இப்படிப்பட்ட தற்காப்புச் சாவு ஒன்றுக்கு, தற்கொலைகள் 37 என்ற விகிதத்தில் இருந்தன. குற்றமான கொலைகள் 4.6, விபத்துச் சாவுகள் 1.3. இந்தக் கணக்குக்கு ஒரு குறை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கியைக் கண்டு ஓடிப்போன திருடன் சாவுக் கணக்கில் வரமாட்டான். ஆகவே ஆயுதத்தால் ஒருகாலும் நன்மை இல்லை என்று இதைக் கொண்டு சாதிக்க முடியாது. ஆனால் அந்த 37 என்ற எண்ணை அப்படித் தள்ளிவிடவும் முடியாது. மனம் உடைந்த ஓர் இரவில், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதே அங்கே உயிரைத் தீர்மானித்திருக்கிறது. நம் கிராமங்களில் பூச்சிமருந்து டப்பா செய்கிற வேலையை அங்கே துப்பாக்கி செய்கிறது.

சாக்கு சுற்றிய அரிவாளுக்கு வருகிறேன். மந்திரித்த அன்று நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில் அந்த அம்மாள் பின்னால் வந்தார்கள். தாழ்ந்த குரலில், "சாமி, நீங்க பயப்படாதீங்க. அந்தச் சாக்குக்குள்ள இருக்கிறது கருக்கு மழுங்கின பழைய அரிவாள். விறகுகூடப் பிளக்காது. நல்லதை எங்க அண்ணன் வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டேன்" என்றார்கள். ஏன் என்று கேட்டேன். இளைய மகன் அந்தக் காலத்தில் குடித்துவிட்டு வருவான். தகப்பனுக்கும் மகனுக்கும் இரவில் வாய்ச்சண்டை முற்றும். அரிவாள் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "திருடன் வந்தா சத்தம் போட்டு ஊரைக் கூட்டிக்கலாம் சாமி. இவங்க ரெண்டு பேருக்குள்ள வந்தா நான் யாரைக் கூப்பிட?" என்றார்கள். நீதிநெறி சாஸ்திரத்தில் நான் வாங்கிய மார்க்குகளை அந்த நிமிஷத்தில் யாராவது கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். வீட்டுக்காரர் மூன்று வருஷம் அந்த மழுங்கின அரிவாளை நம்பி நிம்மதியாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆயுதத்துக்கு எஜமான் யார் என்பது அதைப் பிடிக்கிற கையைப் பொறுத்தது. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல. அவரைக் காக்க நியமித்த காவலர்களே.

வேதாகமம் வாசிக்கிறவர்கள் இந்நேரம் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பீர்கள். கடைசி இராப்போசனத்தின்போது, பட்டயம் இல்லாதவன் அதை வாங்கிக்கொள்ளட்டும் என்ற கருத்தில் சேசுநாதரே பேசினாரே என்று. அர்ச். லூக்காஸ் அதை எழுதியிருப்பது மெய்தான். இங்கே இரண்டு பட்டயம் இருக்கிறது என்று சீஷர்கள் காட்டியபோது போதும் என்றாராம். பதினொரு பேருக்கு இரண்டு பட்டயம் எந்தச் சண்டைக்குப் போதும் என்று யோசியுங்கள்! அந்த வார்த்தைக்கு எந்த வியாக்கியானம் சொன்னாலும், அதே இரவில் நடந்தது நம் முன்னே இருக்கிறது. தோட்டத்தில் இராயப்பர் பட்டயத்தை உருவினார். யாரை வெட்டினார்? காட்டிக்கொடுத்த யூதாஸை அல்ல, சேனைத் தலைவனை அல்ல. பிரதான குருவின் ஊழியக்காரன் மல்குஸ் என்பவனை. எங்கே? காதில்! மீன் பிடிக்கிற கை, பயத்தில் வீசினது. அதைச் சேசுநாதர் நிறுத்தச் சொல்லி, காதைச் சுகமாக்கினார்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பின் நடந்ததை அர்ச். அருளப்பர் மாத்திரம் எழுதியிருக்கிறார். அதை நாம் வேகமாய் வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். பிரதான குருவின் முற்றத்தில் இராயப்பர் குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது தடவை அவரைச் சந்தேகித்துக் கேட்டவன் யார்? காது வெட்டுண்ட மல்குஸுக்கு உறவுக்காரன். தோட்டத்தில் உன்னைப் பார்த்தேனே என்கிறான். இராயப்பர் மறுதலிக்கிறார், சேவல் கூவுகிறது. அவர் பட்டயத்தை எடுக்காதிருந்தால், அந்த மனிதனுடைய கண்ணுக்கு அவ்வளவு அஞ்ச வேண்டியிருந்திருக்காது. தற்காப்புக்காக எடுத்த ஆயுதமே அன்றிரவு அவருக்குப் புதியதொரு பயத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. நம் பக்கத்து ஊர்களில் ஒரு வெட்டுக்குப் பதில் வெட்டு என்று இரண்டு தலைமுறையாய் உறங்காமலிருக்கிற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

'இரும்புக் கேட்டும் நாயும் இருக்கிற அறைவீட்டில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் எழுதுவது சுலபம் சாமி; ஊர்க் கோடியில் தனியாய் இருக்கிற விதவை என்ன செய்வாள்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட ஓர் அம்மாளிடம் போய், தலைமாட்டில் வைத்திருக்கும் கம்பைத் தூக்கி எறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் கம்பை ஓங்கினால் அதைப் பாவம் என்று எந்த வேதசாஸ்திரியும் சொல்லமாட்டார். ஆனால் அவள் கையில் கம்பு இருக்கிறதே, போதும் என்று நாம் ஆறுதலடைந்தால், அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த அம்மாளுக்குக் குறைவாயிருப்பது ஆயுதம் அல்ல. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இல்லை. வாசலில் விளக்கு இல்லை. கதவில் உறுதியான தாழ்ப்பாள் இல்லை. செல்போனில் 100 அல்லது 112 என்ற எண்ணை அழுத்தக்கூட ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆயுதத்தை ஒருவன் தனியாய் வாங்கி, தனியாய் ஒளித்துவைத்து, தனியாய்ப் பயப்படலாம். தாழ்ப்பாளும் விளக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற ஆளும் அப்படியல்ல; அதற்குப் பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். எல்லைத் தகராறில் மூன்று வருஷமாய்ப் பேசாதிருக்கிற இரண்டு வீடுகள் ஆளுக்கொரு அரிவாள் வைத்திருந்தால், திருடனுக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

லைசென்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: பாவமில்லை. ஆனாலும் மனுப் போடுவதற்கு முன் உங்கள் வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்லத் தயங்குகிற ஏதாவது அவர்களிடம் இருக்கக்கூடும்.

நம் பங்கில் தனியாய் வசிக்கிற வயதானவர்களின் வீடுகளை வின்சென்ட் தே பவுல் சபையார் சென்ற வாரம் பார்த்து வந்தார்கள். ஏழு வீடுகளில் கதவுத் தாழ்ப்பாள் பழுதாயிருக்கிறது. நான்கு வீடுகளுக்கு வாசல் விளக்கு இல்லை. தாழ்ப்பாள்களும் பல்புகளும் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது, ஆள்தான் வேண்டும். தச்சு வேலையோ கரண்டு வேலையோ தெரிந்தவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அறைவீட்டுக்கு வாருங்கள். ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்தால் நலம். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.